வேங்கடப் படிவழியில் சோறும் விலையும்

சென்ற புரட்டாசித் திங்களில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, பாகாலா சந்திப்பு நிலையத்தின் பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே யாம் அமர்ந்திருந்தோம். காணிப்பாக்கத்துப் பிள்ளையாரை வணங்கிவிட்டுத் திருப்பதிக்குச் செல்ல வந்த அடியார் கூட்டம் ஒன்று மஞ்சள் ஆடையுடன் வரிசையில் நின்றது. செங்கத்துப் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சீட்டுக்குரிய பணத்தை எண்ணி வைத்தார். பின்னர் எம்மை நோக்கி, "ஏம்பா, மலை மேல நடந்து ஏறிப் போனா சோறு கெடைக்குமா? இன்னா வெல?" என்று கேட்டார்.

"கிடைக்கும் அம்மா. விலை ஒன்றும் இல்லை" என்றோம்.

அவர் நம்பவில்லை. "சும்மாவா? சும்மா யாரு குடுப்பாங்க? யாரு வூட்டுத் துட்டு அது?" என்றார். பின்னால் நின்றவர்கள் நெருக்கவே, யாம் விடை கூறுமுன் அவர் நகர்ந்துவிட்டார்.

அவ்வினா எம்மை விட்டு நகரவில்லை. அதே கிழமையில் நம் சங்கத்தின் செயற்குழுவிலும் அதனையொத்த ஒரு வழக்கு எழுந்தது. நிலையத்துக்கு வெளியே புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் நாம் வைக்கும் நீர்மோர்ப் பந்தல், மூன்றாம் சனிக்கிழமையன்று காலை பத்து மணிக்கே தயிர் தீர்ந்து மூடப்பட்டதை உறுப்பினர் யாவரும் அறிவர். "குவளைக்கு ஐந்து ரூபாய் வைத்தால் பந்தல் நாள் முழுவதும் நடக்கும்" என்றனர் ஒரு சாரார். "தண்ணீருக்கு விலை வைப்பது அறமாகுமா?" என்றனர் மற்றொரு சாரார். முடிவு காணாமலே கூட்டம் கலைந்தது.

பள்ளியிறுதி வகுப்பளவே பயின்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கேடும் பயணச்சீட்டுமாக வாழும் எமக்கு, வரலாற்றாசிரியர் என்னும் பெயர் பொருந்தாது. ஆயினும் மலையேறுவோர்க்கு உணவளிக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, அதற்கு யார் பொருள் தந்தனர், எதற்கு விலை இருந்தது, எதற்கு விலை இல்லை என்பவற்றை அறியும் அவாவினால் யாம் படித்தும் கேட்டும் தொகுத்தவற்றை அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

பழந்தமிழர் மலைவழி

அம்மூதாட்டியின் ஊராகிய செங்கத்திலிருந்தே தொடங்குவது பொருத்தம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மா எனப் பண்டு வழங்கிய அவ்வூரை ஆண்ட நன்னனைப் பற்றியது. பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய இந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்பதும் பெயர். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு மலைவழியை எடுத்துரைப்பதாக அமைந்தது. அம்மலையைப் போளூருக்கு அருகிலுள்ள பருவதமலை என்று அறிஞர் பலர் கருதுவர். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர், காட்பாடி வழியாக நம் பாகாலாவுக்கு வரும் இருப்புப்பாதை அந்நாட்டை ஊடறுத்தே வருகின்றது.

அந்நூல் மலையேறுவோர்க்கு எழுதிய வழிகாட்டி என்றே சொல்லலாம். எங்கே பாறை வழுக்கும், எங்கே பாம்பு உறையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே பாயும் என்பவற்றையெல்லாம் அது கூறுகின்றது. அதனோடு, எந்தக் குடியிருப்பில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்லிச் செல்கின்றது. தினைச்சோறும் ஊனும், மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலும், மூங்கிலரிசியோடு அவரையும் புளியும் கூட்டிய உணவும் வழிப்போக்கனை எதிர்நோக்கியிருந்தன. இவற்றுள் எதற்கும் விலை கூறப்படவில்லை. விருந்தினனைக் கண்டால் தன் வீட்டு அடுப்பில் உள்ளதைப் பகிர்வதே குறவர்தம் இயல்பாக இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அம்மலைக்குச் சென்றோர் ஒரு கூத்தர் கூட்டத்தார். ஒரு சிற்றூர் ஓரிரவு அவர்களைத் தாங்கும். நூறு பேர் வந்தால் அவ்வூர் திணறும். ஆயிரம் பேர் நாள்தோறும் வந்தால் விருந்தோம்பல் ஒன்றால் அவர்க்கெல்லாம் சோறிட இயலாது. அங்கே வேறோர் ஏற்பாடு தேவை. அவ்வேற்பாடு வளர்ந்த இடமே நம் கண்ணெதிரே நிற்கும் வேங்கடம்.

நீரும் கட்டுச்சோறும்

தமிழகத்தின் வடவெல்லை என்று பழைய நூல்கள் கூறும் வேங்கடமலையின்மேல், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் திருமலை அமைந்துள்ளது. அடிவாரத்து அலிபிரியிலிருந்து செல்லும் வழி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் உடையது. சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீநிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு வழியோ 2 கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. படிகள் ஏறத்தாழ 2,400. குறுகியதாயினும் செங்குத்தானது.

இவ்வழிகளில் ஏறியவர்க்கு முதல் தேவை நீர். திருமலையைப் பற்றிய வைணவ மரபுக் கதைகள் பலவும் நீரைச் சுற்றியே அமைந்திருப்பது இதனாலன்றோ! இராமாநுசரின் தாய்மாமனாராகிய பெரிய திருமலை நம்பி, பாபவிநாசத் தீர்த்தத்திலிருந்து நாள்தோறும் திருமஞ்சன நீரைத் தலையிற் சுமந்து வந்தார் என்பர். ஒருநாள் இறைவன் வேடனாக வந்து, குடத்து நீரைக் குடித்துவிட்டு, முதியவர் அத்தனை தொலைவு செல்ல வேண்டாமென்று அம்பெய்து ஆகாசகங்கையைக் காட்டினானாம். தண்ணீரமுது என்னும் பெயரில் அந்நிகழ்ச்சி இன்றும் திருமலையில் விழாவாகக் கொண்டாடப்படுகின்றது. இராமாநுசரின் மாணவராகிய அனந்தாழ்வான் மலைமேல் நந்தவனமும் ஏரியும் அமைத்தவர். அவர் மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்தி உழைத்த கதையை நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அடுத்தது சோறு. தொடக்கத்தில் ஏறுவோர் தம் கட்டுச்சோற்றையே நம்பினர். புளியோதரையும் தயிர்ச்சோறும் கெடாமல் தாங்குவன. இதற்கும் அனந்தாழ்வான் கதை ஒன்று உண்டு. மலையிலிருந்து இறங்கி வந்து அவர் தம் சோற்று மூட்டையை அவிழ்த்தபோது அதில் எறும்புகள் இருந்தனவாம். இம்மலையில் ஏதேனும் ஒன்றாய்ப் பிறக்க விரும்பிய அடியார்களே இவ்வெறும்புகளாய் இருக்கக் கூடும் என்றெண்ணி, மூட்டையைத் திரும்பக் கட்டி, மீண்டும் மலையேறி, அவற்றை அங்கே விட்டு வந்தாராம். உண்ணாமல் ஒருவர் மீண்டும் மலையேறுவது எத்துணைத் துன்பம் என்பதை அறிந்தவர்க்கே இக்கதையின் கனிவு முழுதும் விளங்கும்.

கல்லில் பொறித்த கணக்கு

திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள கல்வெட்டுகளைப் படியெடுத்து, சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் உழைப்பால், 1930-களில் தேவஸ்தானத்தார் தொகுதிகளாக வெளியிட்டனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. அவற்றுள்ளும் பெரும்பகுதி சோற்றைப் பற்றியன. அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை அளவு, பயறு, உப்பு, மிளகு, கறியமுது, தயிரமுது, அடைக்காயமுது, இலையமுது என்று ஒவ்வொரு நாளின் படையலுக்கும் வேண்டுவன யாவும் எண்ணி எழுதப்பட்டுள்ளன. மிளகாய் நம் நாட்டுக்குப் போர்த்துகீசியர் வரவுக்குப் பின் வந்தது. ஆதலின் அப்பட்டியல்களில் காரத்திற்கு மிளகே உள்ளது. 15, 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி என்னும் பணியார வகைகளும் வருகின்றன.

கணக்கெழுதுவோனாகிய எமக்கு இக்கல்வெட்டுகளில் வியப்பூட்டியது பக்தி மட்டுமன்று, அதனைத் தாங்கிய கணக்கே. நாள்தோறும் இத்தனை தளிகை படைக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அன்றைய அரிசியை மட்டும் கொடுத்துவிட்டுப் போக இயலாது. நிலமாகவோ நற்பணமாகவோ ஒரு முதலை அவர் கோயிற் பண்டாரத்தில் வைத்தல் வேண்டும். அப்பணம் பெட்டியில் உறங்கவில்லை. கோயிலுக்குரிய சிற்றூர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் எடுக்கவும் அது செலவிடப்பட்டது. நீர் பெருகியதால் விளைவு பெருகியது. அப்பெருகிய விளைவிலிருந்து வந்த நெல்லே ஆண்டுதோறும் படையலாயிற்று. ஆகவே மலைமேல் ஒருவன் உண்ட சோற்றுக்கு வேர், மலைக்குக் கீழே சமவெளியில் வெட்டப்பட்ட கால்வாயில் இருந்தது.

படைத்த அமுது பின் எங்கே சென்றது? அதில் நான்கில் ஒரு பங்கு கொடையாளிக்கு உரியது. இதற்கு "விட்டவன் விழுக்காடு" என்பது கல்வெட்டு வழங்கும் பெயர். எஞ்சியது கோயிற் பணியாளர் முதலியோர்க்குப் பங்காயிற்று. கொடையாளி தம் விழுக்காட்டைத் தாமே துய்க்கலாம், தம் வழித்தோன்றல்களுக்கு எழுதி வைக்கலாம், அறத்துக்கும் விடலாம். இப்பங்குகளை விலைக்குப் பெற்று யாத்திரிகர்க்கு விற்றோரும் இருந்தனர் என்று ஆய்வாளர் கூறுவர்.

இங்கேதான் சந்திரகிரி நம் வரலாற்றில் நுழைகின்றது. பாகாலாவிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வண்டியில் ஏறி, பனப்பாக்கம் முதலிய நிலையங்களைக் கடந்தால் சந்திரகிரிக் குன்றும் கோட்டையும் தோன்றும். அங்கிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மன் 1485-இல் விசயநகரப் பேரரசனானான். அதற்கு முன்பே அவன் திருமலையிலும் திருப்பதியிலும் இராமாநுசகூடம் என்னும் அன்னசாலைகளை நிறுவினான். கந்தாடை இராமாநுச ஐயங்கார் என்பார் அவற்றை ஏற்று நடத்தினார். மன்னன் விட்ட ஊர்களின் வருவாயோடு, பிற கொடையாளர் பலர் தத்தம் விழுக்காட்டையும் அக்கூடங்களுக்கே எழுதி வைத்தனர். மலையேறி வந்த திருவைணவ அடியார்கள் அவ்வமுதை விலையின்றி உண்டனர்.

ஆக, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே திருமலையில் இருவகை உணவும் உடனிருந்தன. இராமாநுசகூடத்துச் சோற்றுக்கு விலை இல்லை. விற்கப்பட்ட பங்குக்கு விலை உண்டு. இவற்றை ஒன்றுக்கொன்று பகையென்று யாரும் கருதியதாகத் தெரியவில்லை. ஒன்று எளியோன் பசியைக் காத்தது. மற்றொன்று வசதியுடையோன் விருப்பத்தை நிறைவேற்றியது.

படி, மண்டபம், புகைவண்டி, பேருந்து

சோறு மேலே இருந்தால் மட்டும் போதுமா? அங்கே ஏறிச் செல்லுதல் வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் மட்லிக் குடியைச் சார்ந்த அனந்தராசன் அலிபிரி வழியில் படிகளும் கோபுரமும் அமைத்தான் என்பர். காளி கோபுரம் என்று நம்மவர் வாய்மொழியில் வழங்கும் காலிகோபுரத்தைப் பாதி வழியில் காணாத அடியார் இல்லை. வழிநெடுக உள்ள மண்டபங்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கு உதவின. கற்றூணில் சாய்ந்து கட்டுச்சோறு அவிழ்ப்பதற்கு இவற்றினும் சிறந்த விடுதி வேண்டுவதில்லை. முழங்கால் பிடித்துக்கொள்ளும் செங்குத்தான பகுதியை முழங்கால் முறிச்சான் என்று நம் முன்னோர் அழைத்தனர். தெலுங்கர் மோகாளு மெட்டு என்பர். இரு மொழியும் ஒரே வலியைத்தான் பேசுகின்றன.

பின்னர் ஆட்சிகள் மாறின. 1801-இல் இந்நாடு கும்பினியார் கைக்குச் சென்றது. 1843-இல் கோயில் நிருவாகம் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1933 முதல் தேவஸ்தான நிருவாகம் ஏற்பட்டது. திருமலையில் பெண்பாற் புலவராகிய தரிகொண்ட வெங்கமாம்பாள் வாழ்ந்தது 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் இடையில். அவர் பிறந்த தரிகொண்டா, நம் பாகாலாவிலிருந்து தருமாவரம் செல்லும் பாதையிலுள்ள வாயல்பாட்டுக்கு அண்மையில் உள்ளது. கணவனை இழந்த அவ்வம்மையார் மலைமேல் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் நடத்தினார் என்பது வழிவழிச் செய்தி. அரசர் கைவிட்ட வேளையில் ஒரு தனிப் பெண்மணி அறத்தின் இழை அறாமல் காத்தார்.

1890-களின் தொடக்கத்தில் தென்னிந்திய இருப்புப்பாதைக் கும்பினியார் இட்ட மீட்டர் பாதை பாகாலாவைச் சந்திப்பாக்கியது. எம் பாட்டனார் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து இப்பாதையில் கூலி வேலைக்கு வந்தவர். நம் உறுப்பினர் பலரின் குடும்பக் கதையும் இதுவே. வண்டி வந்தபின் திருப்பதிக்கு வருவோர் பெருகினர். ஆயினும் மலையில் நடக்கவோ, டோலியில் ஏறவோ வேண்டியிருந்தது. "புகைவண்டி அடிவாரம் வரைக்கும்; அதன் பிறகு அவரவர் கால்" என்று எம் பாட்டனார் கூறுவாராம். 1944-இல் மலைப்பாதை திறக்கப்பட்டுப் பேருந்துகள் ஓடின. நடப்பது தேவை என்னும் நிலை மாறி நேர்த்திக்கடன் என்னும் நிலை அன்றே பிறந்தது.

இன்று ஏறுவோர் காண்பது

இன்றைய நிலையை யாம் நேரிற் கண்டதைக் கொண்டு உரைக்கின்றோம். அலிபிரியில் நடையாளர்களின் மூட்டைகளைத் தேவஸ்தானத்தார் கட்டணமின்றி ஏற்று, மேலே கொண்டு சேர்க்கின்றனர். வழியில் குடிநீர்க் குழாய்கள் உள்ளன. 2023-இல் சிறுத்தையால் ஒரு குழந்தை உயிரிழந்த துயர நிகழ்ச்சிக்குப் பின், நடப்போர்க்கு ஊன்றுகோல் கொடுத்து மேலே திரும்பப் பெறும் ஏற்பாடும், சிறுவரை மாலையில் ஏறவிடாத கட்டுப்பாடும் செய்யப்பட்டன.

படியோரக் கடைகளில் வெள்ளரிப் பிஞ்சும் உப்பு மிளகாய் தூவிய மாங்காய்க் கீற்றும் சோடாவும் தேநீரும் கிடைக்கின்றன. ஒரு கடையில் கீழ்விலையைப் போல் இருமடங்கு வாங்கியதை யாம் சற்று வெகுளியோடு கேட்டோம். கடைக்காரர் முகஞ்சுளிக்கவில்லை. "அண்ணா, இந்தப் பெட்டியை எம் மச்சான் தலையில வெச்சு ஆயிரத்துச் சொச்சம் படி ஏறினான். சோடா விலை பாதி, அவன் கழுத்து விலை பாதி" என்றார். விலைமிகுதியை யாம் நியாயமென்று கூறவில்லை. விலைப்பட்டியல் எழுதித் தொங்கவிட்டிருந்தால் எமக்கு வெகுளியே வந்திராது. ஆயினும் அவர் சொல்லில் இருந்த கணக்கு பிழையானதன்று. மலைமேல் எப்பொருளின் விலையிலும் ஒருவன் கழுத்து வலி கலந்தே உள்ளது.

ஆனால் உச்சியை அடைந்தால் இக்கணக்கு தலைகீழாக மாறுகின்றது. மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பாள் அன்னப்பிரசாதக் கூடத்தில் நான்கு பெருங்கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரவர் ஒரே பந்தியில் அமரலாம். இலையில் சர்க்கரைப் பொங்கலும் சோறும் குழம்பும் சாறும் மோரும் வருகின்றன. 2025 முதல் வடையும் சேர்ந்துள்ளது. சீட்டு இல்லை, சாதி இல்லை, விலை இல்லை. அடிவாரத்து உணவு விடுதியில் பணம் கொடுத்து உண்பவன், ஏழு மலை தாண்டி மேலே சென்றால் பணமின்றி உண்கின்றான். எளிய அறைகள் ஐம்பது, நூறு ரூபாய் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாடகையின்றித் தங்கும் பொதுக்கூடங்களும் உள்ளன. இலட்டுவில் பழைய இருவகை முறையே தொடர்கின்றது: 2020 முதல் வழிபடுவோர் ஒவ்வொருவர்க்கும் ஒன்று இலவசம், மேலும் வேண்டுவோர்க்கு ஒன்று ஐம்பது ரூபாய்.

இவ்வன்னதானம் 1985 ஏப்பிரல் 6-ஆம் நாள் நாளொன்றுக்கு இரண்டாயிரவர் என்னும் அளவில் தொடங்கியது. இன்றைய கூடம் 2011-இல் திறக்கப்பட்டது. யார் பணம் என்று மூதாட்டி கேட்டாரன்றோ? அன்பர்கள் கொடுக்கும் நன்கொடை வங்கிகளில் முதலாக வைக்கப்பட்டு, அதன் வட்டியில் சோறு சமைக்கப்படுகின்றது. ஒரு நாள் முழுச் செலவையும் ஏற்க விரும்புவோர்க்கு 2025-இல் 44 இலட்சம் ரூபாய் என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்நாளில் அவர் பெயர் கூடத்தில் காட்டப்படும். பண்டாரத்தில் வைத்த நற்பணம் வங்கி வைப்பாயிற்று. கால்வாய் விளைவு வட்டியாயிற்று. கல்லில் பொறித்த பெயர் விளக்குப் பலகையில் ஒளிர்கின்றது. ஐந்நூறு ஆண்டுகளில் ஏற்பாட்டின் எலும்பு மாறவில்லை.

பிற நாட்டு மலைகள்

பிற நாட்டார் மலைகளையும் ஒருமுறை நோக்குவோம். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில், செயிண்டு பெர்னார்டு கணவாயில் 11-ஆம் நூற்றாண்டில் துறவிகள் ஒரு விடுதி அமைத்தனர். பனியில் வழி தவறியோர்க்குச் சோறும் நெருப்பும் படுக்கையும் தருவது அவர்தம் நோன்பு. 1800-இல் நெப்போலியனின் படை அவ்வழி சென்றபோது அதற்கும் அவர்களே உணவளித்தனர். பின்னர் மலையேற்றம் பொழுதுபோக்காக வளர்ந்தது. 1863-இல் தோன்றிய சுவிட்சர்லாந்து மலையேறுவோர் சங்கம் அவ்வாண்டே தன் முதற் குடிலைக் கட்டியது. இன்று அச்சங்கத்துக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குடில்கள் உண்டு. அங்கே இரவு உணவும் படுக்கையும் காலை உணவும் சேர்த்து விலை கூறுவர். எட்டாத குடில்களுக்கு ஹெலிகாப்டரில் பண்டம் ஏற்றுவதால் அவ்விலை மலிவாக இராது. சப்பானியரின் ஃபூஜி மலையிலோ, ஏற ஏறத் தண்ணீர்ப் புட்டியின் விலையும் ஏறும்.

அவர்களைக் குறைகூற யாம் முற்படவில்லை. சுமைகூலியை உண்பவனே தர வேண்டும் என்பது ஒரு நேர்மையான முறை. நம் முறையிலும் சுமைகூலி மறைந்துவிடவில்லை. அதனை நமக்கு முன்னரே வேறொருவர் கொடுத்துவிட்டார் என்பதே வேறுபாடு. "இலவசம்" என்னும் சொல்லுக்குச் செலவில்லை என்பது பொருளன்று. செலவை ஒருவர் முன்னரே ஏற்றார் என்பதே பொருள். இதனை மறந்தவன் இலையில் சோற்றை மீத்து எறிகின்றான். நினைப்பவன் ஒரு பருக்கையும் சிந்தான்.

நம் பந்தலுக்கு ஒரு சொல்

இனி நம் சங்கத்து வழக்குக்கு வருவோம். விலை வைப்பதா வேண்டாவா என்று நாம் வாதிட்டோம். கல்வெட்டுகளைப் படித்தபின், நாம் பிழையான வினாவைக் கேட்டுவிட்டோம் என்று எமக்குத் தோன்றுகின்றது. பந்தல் பத்து மணிக்கு மூடியதற்குக் காரணம், மோருக்கு விலை இல்லாமையன்று. மோருக்கு முதல் இல்லாமையே. சனிக்கிழமைக்கு முதல்நாள் இரவு உண்டியல் குலுக்கிக் கிடைத்ததைக் கொண்டு தயிர் வாங்கினோம். அது தீர்ந்தது, அறமும் தீர்ந்தது.

முன்னோர் கல்லில் மூன்று செய்திகளை எழுதினர். முதல் எவ்வளவு, அதன் விளைவு எங்கிருந்து வரும் என்பது ஒன்று. நாளொன்றுக்கு எந்தப் பண்டம் எத்தனை அளவு என்பது மற்றொன்று. பங்கு யாருக்கு, பொறுப்பு யாருக்கு என்பது மூன்றாவது. நாமும் இம்மூன்றையும் எழுதினால் போதும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை ஒரே முறை கொடுத்து, அத்தொகையை அஞ்சலகத்தில் வைப்பாக வைப்போம். அதன் வட்டி ஒரு சனிக்கிழமைக்கே போதுமாயின், அந்த ஒரு சனிக்கிழமை மாலை வரை பந்தல் குறைவின்றி நடக்கட்டும். அடுத்த ஆண்டு இரண்டாகட்டும். நீரும் மோரும் எவர்க்கும் விலையின்றி இருக்கட்டும். பந்தலுக்கு அருகே ஒரு மேசையிட்டு முறுக்கும் சுண்டலும் நேர்மையான விலைக்கு விற்று, அவ்வூதியத்தையும் முதலோடு சேர்ப்பதில் இழுக்கில்லை. விலைப்பட்டியலை மட்டும் தமிழிலும் தெலுங்கிலும் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம். கணக்கேட்டைப் பந்தற்காலிலேயே கட்டித் தொங்கவிடுவோம். வழிப்போக்கர் எவரும் புரட்டிப் பார்க்கலாம்.

இதற்குத் தொடக்கமாக எம் ஒரு திங்கள் ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கைச் செயலாளரிடம் ஒப்படைத்துள்ளோம். பெருமைக்காக இதனைக் கூறவில்லை. கணக்கின் முதல் வரி வெறுமையாக இருத்தல் ஆகாது என்பதற்காகவே கூறுகின்றோம்.

வரும் புரட்டாசியில் அம்மூதாட்டி மீண்டும் வருவாரோ, அறியோம். வந்து அதே வினாவைக் கேட்டால், வரிசை எவ்வளவு நெருக்கினும் யாம் விடை கூறியே சீட்டைக் கொடுப்போம்: "அம்மா, அது யாரோ ஒருவர் வீட்டுத் துட்டுத்தான். ஐந்நூறு ஆண்டுகளாக ஒருவர் மாற்றி ஒருவர் வைத்துப் போகிறார்கள். வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது. வெளியே பந்தலில் ஒரு குவளை மோர் குடித்துவிட்டுப் போங்கள்."